இக்காலுயிட் முதல் நூக் வரை: வடகோடி விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

கனடாவின் பாஃபின் தீவில் இருக்கிறது இக்காலுயிட். டேவிஸ் நீரிணையைத் தாண்டினால் எதிர்க்கரையில் கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இரண்டுக்கும் நடுவே வானத்தில் சுமார் 825 கிலோமீட்டர்தான். விசிறி சுழலும் ஒரு சின்ன டர்போபுராப் விமானம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் நேரடி விமானம் இல்லாத மாதத்தில் இதே பயணத்துக்கு நீங்கள் ஒட்டாவாவுக்கு இறங்கி, டொராண்டோ போய், அங்கிருந்து ஐஸ்லாந்துக்குப் பறந்து, மறுபடியும் மேற்கே திரும்பி நூக்குக்கு வர வேண்டும். அந்தச் சுற்று ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர்.

தூரம் வேறு, பயண நேரம் வேறு என்பது வடக்கே போகப் போகத்தான் நன்றாகப் புரியும். இக்காலுயிட்டில் வேலை பார்க்கும் ஒரு நண்பர், "எதிர்க்கரைதானே, ஒரு வார இறுதியில் போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். அவருக்காக உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. காகிதம், பேனா, சைன் கொசைன் பட்டன் உள்ள ஒரு கால்குலேட்டர் போதும். இந்த முறையிலேயே வடக்கில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நீங்கள் கணக்குப் போடலாம்.

முதல் படி: எந்த விமான நிலையம் என்று உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். வடக்கே பல ஊர்களுக்குப் பெயர் மாறியிருக்கிறது, குறியீடு மட்டும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. இக்காலுயிட்டின் குறியீடு ஒய்-எஃப்-பி. இதில் எஃப்-பி என்பது ஊரின் பழைய பெயரான ஃபுரோபிஷர் பே. 1987-ல்தான் ஊர் இக்காலுயிட் ஆனது. இனுக்டிடுட் மொழியில் 'மீன்கள் நிறைந்த இடம்' என்று பொருள். நூக்கின் குறியீடு ஜி-ஓ-எச். டேனிஷ்காரர்கள் வைத்திருந்த கோட்ஹோப் என்ற பழைய பெயரின் எழுத்துகள் அவை. குறியீட்டைப் பார்த்து இது வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: ஆயத்தொலைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்

கூகுள் மேப்ஸில் ஓடுபாதையின் நடுவில் விரலை வைத்து அழுத்தினாலே அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்துவிடும். ஊரின் மையத்தை எடுக்காதீர்கள்.

இக்காலுயிட்: வடக்கு 63.76 டிகிரி, மேற்கு 68.56 டிகிரி.
நூக்: வடக்கு 64.19 டிகிரி, மேற்கு 51.68 டிகிரி.

இங்கே இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, சில பட்டியல்களில் 63 டிகிரி 45 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே 63.45 என்று எழுதிவிடக் கூடாது. நிமிடத்தை 60 ஆல் வகுக்க வேண்டும்: 45-ஐ 60 ஆல் வகுத்தால் 0.75, ஆக 63.75. இரண்டாவது, மேற்கு என்றால் மைனஸ் குறி போட வேண்டும். இரண்டு ஊரும் மேற்கில் இருப்பதால் இரண்டுக்குமே மைனஸ். ஒன்றுக்குப் போட்டு மற்றதற்கு விட்டுவிட்டால் விடை கிட்டத்தட்ட 4,970 கிலோமீட்டர் என்று வரும். உங்கள் கணக்கில் அந்த எண் எட்டிப்பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம், மைனஸ் குறியைப் பாருங்கள்.

மூன்றாம் படி: தூரம்

முதலில் கைக்கணக்கு. பூமத்தியரேகையில் ஒரு தீர்க்கரேகைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 111.3 கிலோமீட்டர். வடக்கே போகப் போக அந்தக் கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்து துருவத்தில் ஒன்றாகிவிடும். ஆரஞ்சுச் சுளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் அகலம், காம்புப் பக்கம் கூர்மை. எவ்வளவு நெருங்கும் என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் சொல்லிவிடும். 64 டிகிரியின் கொசைன் 0.438. ஆக அங்கே ஒரு டிகிரி என்பது 111.3 × 0.438, அதாவது 48.8 கிலோமீட்டர்.

இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 16.88 டிகிரி. அதை 48.8 ஆல் பெருக்கினால் 824 கிலோமீட்டர். அட்சரேகை வித்தியாசம் அரை டிகிரி கூட இல்லாததால் இந்த வழிக்கு இந்தக் கைக்கணக்கே போதுமானதாக இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை ஊகிப்பவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். பள்ளிச் சுவரிலும் போன் திரையிலும் நாம் பார்க்கும் தட்டையான வரைபடத்தில் தீர்க்கரேகைகள் நெருங்குவதே இல்லை, கம்பி போல நேராக மேலே போகின்றன. அதனால் 64 டிகிரியில் எல்லாமே 2.28 மடங்கு பெரிதாகத் தெரியும். நம்முடைய 825 கிலோமீட்டர் அந்தப் படத்தில், பூமத்தியரேகை அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1,880 கிலோமீட்டர் போல நிற்கும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். பிறகு அதே நூலைப் பூமத்தியரேகை மேல் வைத்து, எத்தனை டிகிரி வருகிறது என்று எண்ணுங்கள். ஏழுக்குச் சற்று மேலே நிற்கும். அதை 111 ஆல் பெருக்கினால் முடிந்தது. எந்தச் சூத்திரமும் இல்லாமல் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது முறையான கணக்கு. ஊர்கள் எந்தத் திசையில் இருந்தாலும் இது வேலை செய்யும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.89695 × 0.90024 = 0.80747.
இரண்டின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் பெருக்குங்கள்: 0.44213 × 0.43539 × 0.95691 = 0.18420.
இரண்டையும் கூட்டுங்கள்: 0.99167.
இந்த எண்ணுக்குத் தலைகீழ் கொசைன் எடுங்கள்: 7.4 டிகிரி.

ஐந்து தசம இடங்கள் வரை வைத்துக்கொள்ளுங்கள். விடை ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதால், இடையில் சுருக்கினால் தூரம் சட்டென்று மாறிவிடும். எக்ஸெலில் செய்பவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் சைன் கொசைன் போட வேண்டும். கால்குலேட்டரில் 'டிகிரி' நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோணம் 7.4 டிகிரி கிடைத்தபின் மீதி சுலபம். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 444 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் சுமார் 822 கிலோமீட்டர். விமானிகள் பேசுவது எப்போதும் கடல் மைலில்தான்.

கைக்கணக்கில் 824, இதில் 822, சில இணையதளங்களில் 825 அல்லது 826. எது சரி? பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தப் புடைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 825-க்கு வரும். பயணத்துக்கு இந்த மூன்று கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. விமானம் ஓடுபாதையைச் சுற்றி ஒரு திருப்பம் திரும்பினாலே அதைவிட அதிகம் போய்விடும்.

இந்த வளைந்த குறுக்குவழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இக்காலுயிட்டிலிருந்து கிளம்பும் விமானம் நேர் கிழக்கே மூக்கை வைக்காது. சற்று வடக்கே சாய்ந்து, 79 டிகிரி திசையில் கிளம்பும் (நேர் கிழக்கு என்றால் 90 டிகிரி). வழியில் இரண்டு ஊர்களையும்விடக் கொஞ்சம் வடக்கே ஏறி, பிறகு தெற்கே சாய்ந்து நூக்குக்கு இறங்கும். உண்மையைச் சொன்னால் இந்தக் குட்டி வழியில் அதனால் மிச்சமாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். டொராண்டோ முதல் ஐஸ்லாந்து வரை போன்ற நீண்ட வழிகளில்தான் அதன் பலன் பெரிதாகத் தெரியும்.

நான்காம் படி: எந்த விமானம்?

தூரத்தை எடுத்து மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து நேரம் சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. வடக்கே அது பெரும்பாலும் தப்பு. பயணிகள் குறைவு, ஓடுபாதைகள் குட்டை, பல இடங்களில் சரளைக்கல் பாதை. அதனால் சின்ன ஊர்களுக்கு இடையே பறப்பவை பெரும்பாலும் விசிறி சுழலும் டர்போபுராப் விமானங்கள்தான்.

நூக்கையே பாருங்கள். ஒரு நாட்டின் தலைநகர். அங்கே 2024 நவம்பர் 28 வரை ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத ஓடுபாதைதான். பெரிய ஜெட் இறங்க முடியாமல் இருந்தது. கோபன்ஹேகனிலிருந்து வருபவர்கள் காங்கெர்லுசுவாக்கில் இறங்கி, அங்கிருந்து டேஷ் 8 போன்ற சின்ன விமானத்தில் மாறித்தான் தலைநகருக்கு வர வேண்டியிருந்தது. காங்கெர்லுசுவாக் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் கட்டிய தளம். அன்றைய ராணுவத் தேவைக்காகத் தேர்ந்தெடுத்த இடம், போர் முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டின் வாசலாக இருந்திருக்கிறது. இப்போது நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை வந்துவிட்டது. இக்காலுயிட்டிலும் நிலைமை வேறு: 1942-ல் போட்ட ராணுவ ஓடுபாதையின் வழிவந்த நீண்ட பாதை அங்கே இருக்கிறது. 2006 பிப்ரவரியில் ஏர்பஸ் ஏ380-ஐக் கடுங்குளிரில் சோதித்துப் பார்க்க அங்கேதான் கொண்டுவந்தார்கள்.

ஆக 825 கிலோமீட்டருக்கு:

டேஷ் 8 மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் போனால் 1 மணி 39 நிமிடம்.
போயிங் 737 மணிக்கு 800 கிலோமீட்டர் போனால் 1 மணி 2 நிமிடம்.
இன்னும் சின்ன விமானமான டுவின் ஆட்டர் மணிக்கு 270 கிலோமீட்டர் போனால் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

டிக்கெட் பக்கத்தில் விமான வகையைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப் போடுவதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள்.

இதோடு முடியவில்லை. விமானம் தரையில் ஓடி, மேலேறி, கடைசியில் வேகம் குறைத்து இறங்குவதற்குக் கூடுதலாக 20 முதல் 25 நிமிடம் சேர்க்க வேண்டும். சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை கொடுக்கும் வரை உள்ள நேரத்தை பிளாக் டைம் என்பார்கள். கால அட்டவணையில் இருப்பது அதுதான். டேஷ் 8-க்கு அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்.

ஐந்தாம் படி: காற்று

இந்த அட்சரேகைகளில் மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். நூக்குக்குப் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தரைவேகம் 560, நேரம் 88 நிமிடம். வரும்போது 440, நேரம் 112 நிமிடம். ஒரே விமானம், ஒரே வழி, 24 நிமிட வித்தியாசம். மெதுவான விமானத்துக்குக் காற்று எப்போதும் அதிகமாக உறைக்கும். இதே காற்றில் 737-க்கு வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான்.

காற்றின் திசையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வானிலை அறிக்கையில் 270 டிகிரி என்று இருந்தால் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம், மேற்கே போகிறது என்றல்ல.

ஆறாம் படி: கடிகாரம்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

இக்காலுயிட்டில் ஒட்டாவா, டொராண்டோவின் நேரம்தான். நூக்கில் கடிகாரம் அதைவிட 3 மணி நேரம் முன்னால் ஓடும். காலை 10 மணிக்கு இக்காலுயிட்டில் கிளம்பி 2 மணி நேரம் பறந்தால், உங்கள் கைக்கடிகாரத்தில் 12, நூக்கின் சுவர்க்கடிகாரத்தில் மாலை 3. டிக்கெட்டில் 10:00 – 15:00 என்று பார்த்துவிட்டு ஐந்து மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

திரும்பும்போது இன்னும் விசித்திரம். நூக்கில் மாலை 3 மணிக்குக் கிளம்பினால் இக்காலுயிட்டில் இறங்குவது பிற்பகல் 2 மணிக்கு. கிளம்பிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து சேர்கிறீர்கள்! எதிர்காற்றில் 15 நிமிடம் தாமதமானாலும் 2:15 தான். டிக்கெட்டில் அச்சுப் பிழை இல்லை.

இந்த 3 மணி நேரமும் வருடம் முழுக்க நிலையானதல்ல. இரண்டு ஊர்களிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. கனடாவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு, கிரீன்லாந்தில் ஐரோப்பாவோடு சேர்ந்து மார்ச் கடைசி வார இறுதி. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 2 மணி நேரம்தான். இலையுதிர் காலத்திலும் அப்படியே: கிரீன்லாந்து அக்டோபர் கடைசியில் பின்னே வைக்கும், கனடா நவம்பர் முதல் ஞாயிறு. அந்த ஒரு வாரமும் 2 மணி நேரம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கிரீன்லாந்தின் பெரும்பகுதி 2023-ல் தன் அடிப்படை நேரத்தையே ஒரு மணி நேரம் மாற்றிக்கொண்டது. அதற்கு முன் எழுதியவற்றில் வேறு கணக்கு இருக்கும். இக்காலுயிட் இருக்கும் நூனவுட் பகுதியிலும் கிரீன்லாந்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட நேர மண்டலங்கள் உண்டு என்பதால் 'நூனவுட் நேரம்' என்று பொதுவாகத் தேடாமல் ஊர்ப் பெயரைப் போட்டே தேடுங்கள்.

ஏழாம் படி: விமானம் ஓடுகிறதா?

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரு விமானம் இருந்தால்தான் பயன்படும். பல ஆண்டுகள் இந்த இரு ஊர்களுக்கும் நேரடிச் சேவையே இல்லை. 2024 கோடையில் ஏர் கிரீன்லாந்தும் கனேடியன் நார்த்தும் சேர்ந்து வாரம் ஒருமுறை என்று மீண்டும் தொடங்கின. கோடையும் இலையுதிர் காலத் தொடக்கமும்தான் அதன் பருவம். வாரம் ஒருமுறை என்பதால், நண்பர் கேட்ட வார இறுதிப் பயணம் நடக்காது. போனால் ஒரு வாரம். பருவமும் கிழமையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. விமான நிறுவனத்தின் அட்டவணையில் உங்கள் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லீவு கேட்க வேண்டும்.

இந்த வழி எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், நீரிணையின் இரு கரையிலும் இருப்பவர்கள் ஒரே மக்கள், இனுயிட்கள். இக்காலுயிட்டில் பேசும் இனுக்டிடுட்டும் நூக்கில் பேசும் கலாலிசுட்டும் உறவு மொழிகள். அப்படிப்பட்டவர்கள் எதிர்க்கரைக்குப் போவதற்கு ஐஸ்லாந்து வழியாகச் சுற்ற வேண்டியிருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. இரண்டு ஊருக்குமே வெளியூர்ச் சாலை கிடையாது என்பதால் விமானம்தான் அவர்களுக்குப் பேருந்து.

நேரடி விமானம் இல்லாத மாதத்தில் வழி இப்படி:

இக்காலுயிட் – ஒட்டாவா, சுமார் 2,100 கிலோமீட்டர்.
ஒட்டாவா – டொராண்டோ, சுமார் 365.
டொராண்டோ – கெஃப்லவிக் (ஐஸ்லாந்தின் விமான நிலையம்), சுமார் 4,170.
கெஃப்லவிக் – நூக், சுமார் 1,400.

கூட்டினால் 8,035. நேர்வழியைப் போலப் பத்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. பறக்கும் நேரம் மட்டுமே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், இணைப்பு விமானங்களுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 கோடையிலிருந்து நியூயார்க் அருகே உள்ள நியூவர்க்கிலிருந்து நூக்குக்கு யுனைடெட் நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அதுவும் பருவச் சேவைதான், ஆனால் கிடைக்கும் மாதங்களில் ஐஸ்லாந்து வரை போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பயணிப்பவர்கள் சாதாரண ஷெங்கன் விசாவை நம்பிக் கிரீன்லாந்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று விசாவிலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும்.

எட்டாம் படி: தாமதத்துக்கு இடம் விடுங்கள்

நூக் கடலோரம், பக்கத்திலேயே மலை. மூடுபனியும் குறுக்குக்காற்றும் வந்தால் இறங்க முடியாது. தெற்கே ஒரு நகரத்தில் இப்படி நடந்தால் அரை மணித் தூரத்தில் இன்னொரு விமான நிலையம் இருக்கும். இங்கே வானிலை நிலையாக இருக்கும் காங்கெர்லுசுவாக் சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி. இக்காலுயிட் மூடிக்கொண்டால் தெற்கே கூஜுவாக் 630 கிலோமீட்டர். இறங்க முடியாவிட்டால் அங்கே வரை பறக்கவும், அதற்கு மேல் கொஞ்ச நேரம் வட்டமடிக்கவும் தேவையான எரிபொருளைக் கிளம்பும்போதே நிரப்பியாக வேண்டும்.

சின்ன விமானத்தில் எரிபொருள் ஏறினால் வேறு ஏதாவது இறங்க வேண்டும். முதலில் இறங்குவது பெரும்பாலும் பயணப்பைகள்தான். பை அடுத்த விமானத்தில் வரும் என்பார்கள். வாரம் ஒரு விமானம் ஓடும் வழியில் அடுத்த விமானம் என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் கணக்கில் வந்த இரண்டு மணி நேரத்தை அப்படியே வைத்து அடுத்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். நூக்கிலிருந்து வந்து அன்றைக்கே ஒட்டாவா விமானத்தைப் பிடிக்கலாம் என்று அட்டவணை சொன்னாலும், இக்காலுயிட்டில் ஓர் இரவு தங்குங்கள். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் என்றால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது என்பதால், முடிந்தவரை எல்லாம் ஒரே முன்பதிவில் வருமாறு வாங்குங்கள். சுற்று வழியில் போகிறவர்கள் கெஃப்லவிக்கில் அந்த ஓர் இரவை வைக்கலாம். அறை வாடகை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தவறவிட்ட விமானத்தைவிட மலிவு.

மாத்திரைகள், சார்ஜர், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒரு நல்ல கையுறை, இவை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். நூக்கில் இறங்கி விமானத்திலிருந்து கட்டிடத்துக்கு நடக்கும்போது கடல் காற்று முகத்தில் அறையும். ஜூலையிலும் அப்படித்தான்.